ரிங்க்கைத் தேடுவது முதல் ஷூவைக் கழற்றுவது வரை: முதல்முறை ஸ்கேட்டிங் போகிறவர்களுக்கு

நான் முதன்முதலாக ஐஸ் ஸ்கேட்டிங் போன நாளில் ஐஸில் கால் வைக்கவே இல்லை. மேப்பில் தேடினேன், "திறந்திருக்கிறது" என்று பச்சை எழுத்தில் காட்டியது, ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து போய்ச் சேர்ந்தேன். திறந்துதான் இருந்தது. உள்ளே ஹெல்மெட் போட்ட இருபது பேர் மட்டையோடு குறுக்கும் நெடுக்குமாகப் பாய்ந்துகொண்டிருந்தார்கள். கவுண்டரில் இருந்தவர், "பொதுமக்களுக்கு இனி நாளைக்குத்தான்" என்றார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

ரிங்க், அதாவது ஸ்கேட்டிங்குக்கென்றே அமைத்த தளம், காலையில் திறந்து இரவில் மூடும் கடை போன்றது இல்லை என்பது அன்றுதான் புரிந்தது. ஒரே தளத்தை ஹாக்கி அணி, ஃபிகர் ஸ்கேட்டிங் பழகுகிறவர்கள், குழந்தைகள் வகுப்பு, பிறந்தநாள் கொண்டாட்டம், பொதுமக்கள் என்று எல்லோரும் மணிக்கணக்கில் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். ரோலர் ரிங்க்கிலும் இதே கதைதான். ஆகவே புதிதாகப் போகிறவர் இடத்தைத் தேடுவதோடு நிறுத்தாமல், அந்த இடத்தில் தனக்கு ஏற்ற மணி நேரம் எது என்றும் தேட வேண்டும். கீழே சொல்லப்போவதில் பெரும்பகுதி இதைச் சுற்றித்தான் வரும்.

சக்கரமா, ஐஸா?

முதலில் எது வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ரோலர் ஸ்கேட்டில் இரண்டு வகை. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று கார் போல நான்கு சக்கரம் இருந்தால் குவாட். ஒரே வரிசையில் மூன்றோ நான்கோ சக்கரம் இருந்தால் இன்லைன். வரிசைச் சக்கரம்தான் மூத்தது, குவாட் பிறகு வந்தது. 1863-இல் நியூயார்க்கில் ஜேம்ஸ் பிளிம்டன் என்பவர், சக்கர அச்சுக்கும் காலடித் தகட்டுக்கும் நடுவே ரப்பர் மெத்தை வைத்து ஒரு ஸ்கேட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். உடலை ஒரு பக்கம் சாய்த்தால் ஸ்கேட்டும் அந்தப் பக்கம் திரும்பும். இன்று வாடகைக்குக் கிடைக்கும் குவாட்டும் இதே தத்துவத்தில்தான் திரும்புகிறது. காலைத் தூக்கித் திருப்பாமல் சாய்ந்தே திரும்ப முடிகிறது என்பதால்தான் ஒரு கூடத்துக்குள் நூறு பேர் வட்டமாகச் சுற்றுவது சாத்தியமாகிறது.

ஐஸ் ஸ்கேட்டிலும் புதியவர் கையில் வந்து சேர்வது இரண்டு வகை. பிளேடின் முன்முனையில் ரம்பப் பல் போல இருந்தால் ஃபிகர் ஸ்கேட். பல் இல்லாமல் முன்னும் பின்னும் வளைந்திருந்தால் ஹாக்கி ஸ்கேட்.

எது சுலபம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அசையாமல் நிற்பதற்குக் குவாட் சுலபம். நான்கு சக்கரமும் தரையில் அகலமாக உட்கார்ந்திருக்கும். ஐஸில் நிற்பது கடினம், ஆனால் நகரத் தொடங்கிவிட்டால் சறுக்கல் தானாக வருகிறது. இன்லைன் பழகியவர்களுக்கு ஐஸ் சீக்கிரம் வசப்படும். இரண்டிலும் மெல்லிய ஒரே கோட்டின் மேல்தான் நிற்கிறோம். என்னைக் கேட்டால், எந்த ரிங்க் வீட்டுக்குப் பக்கமோ அதில் தொடங்குங்கள். முதல் தடவை பிடிப்பதும் பிடிக்காததும் எந்த ஸ்கேட் என்பதில் இல்லை. நாலைந்து முறை தொடர்ந்து போகிறோமா என்பதில் இருக்கிறது, அதற்குத் தூரம் பெரிய எதிரி.

மேப்பில் தேடும்போது

"ஸ்கேட்டிங்" என்று மட்டும் போட்டால் குப்பையும் கூளமுமாக வரும். ஸ்கேட் விற்கும் கடை வரும், ஸ்கேட்போர்டுக்காகக் கட்டிய ஸ்கேட் பார்க் வரும், குழந்தைகள் வகுப்பு நடக்கும் பூங்கா வரும். ஸ்கேட் பார்க்கில் கிண்ணம் போலக் குழிந்த கான்கிரீட்டும் சரிவுகளும் இருக்கும். முதல் நாளுக்கு அது இடம் இல்லை. சரிவான விளிம்புகளோடு நீள்வட்டமாக இருந்தால் அது வேகப் பந்தயத்துக்கான ஓடுபாதை, அதையும் விட்டுவிடலாம்.

"ரோலர் ரிங்க்", "ஐஸ் ரிங்க்", "ஐஸ் அரீனா" என்று தனித்தனியாகத் தேடுங்கள். அந்தப் பகுதியில் மேப்பும் பலகைகளும் எந்த மொழியில் இருக்கின்றனவோ அந்த மொழியிலும் ஒரு தடவை தேடுங்கள். ரிங்க்குகள் தனிக் கட்டடமாக இருக்க வேண்டும் என்றில்லை. பெரிய வணிக வளாகங்களின் உள்ளே, பல விளையாட்டு அரங்கங்களின் பின்பக்கம், கல்லூரி வளாகங்களில் எல்லாம் ஒளிந்திருக்கும். நகராட்சியோ மாநகராட்சியோ நடத்தும் அரங்கமாக இருந்தால் உள்ளாட்சியின் விளையாட்டுப் பக்கத்தில்தான் நேர அட்டவணை கிடைக்கும், மேப்பில் இருக்காது.

பெயர் கிடைத்ததும் புகைப்படங்களைப் பாருங்கள். நிர்வாகம் போட்ட படங்கள் திறப்பு விழா அன்று எடுத்தவையாக இருக்கும். அவற்றை நம்ப வேண்டாம். போய் வந்தவர்கள் கடைசியாகப் போட்ட படங்களைத் தேதி வாரியாகப் பாருங்கள். நான் அவற்றில் மூன்று விஷயங்களைத் தேடுவேன். தரை எப்படி இருக்கிறது, சுற்றிலும் இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொள்ளத் தடுப்பு இருக்கிறதா, படத்தில் இருப்பவர்களில் எத்தனை பேர் புதியவர்கள். எல்லோரும் ஒரே சீருடையில் இருந்தால் அது பயிற்சி மையம். தடுப்பைப் பிடித்துக்கொண்டு பத்துப் பேர் திணறிக்கொண்டிருந்தால் நமக்கேற்ற இடம்.

ரோலர் ரிங்க்கில் தரை மரமாகவோ பூச்சு பூசிய கான்கிரீட்டாகவோ இருக்கும். நல்ல மரத்தளங்களுக்கு மேப்பிள் மரம் பெயர்போனது. மேற்பூச்சு உரிந்து திட்டுத்திட்டாகத் தெரிந்தால் சக்கரம் ஓர் இடத்தில் பிடிக்கும், ஓர் இடத்தில் வழுக்கும். அதை முதல் நாளில் சமாளிக்க வேண்டாம்.

ஐஸ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஐஸ் ரிங்க் என்று விளம்பரம் செய்யும் எல்லா இடத்திலும் ஐஸ் இருக்காது. வெள்ளை பாலிஎதிலீன் பலகைகளைப் பதித்து செயற்கைத் தளம் போடுவது உண்டு. படத்தில் பலகைகளின் இணைப்புக் கோடுகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அதுதான். மோசம் என்று சொல்ல மாட்டேன். நிற்கவும் தடுமாறாமல் நடக்கவும் பழகலாம். ஆனால் உராய்வு அதிகம், பிளேடு சீக்கிரம் மழுங்கும், ஒரு தள்ளலில் வழுக்கிக்கொண்டே போகும் சுகம் கிடைக்காது. ஐஸ் என்று நம்பிப் போய் ஏமாறாமல் இருந்தால் சரி. பனி விளையாட்டுப் பூங்காக்களின் மூலையில் இருக்கும் சின்ன ஐஸ் திட்டும் இப்படித்தான்: இரண்டு தள்ளலில் எதிர்ச்சுவர் வந்துவிடும். சர்வதேச அளவிலான ஐஸ் தளம் 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். வட அமெரிக்காவில் 61-க்கு 26 மீட்டர். மூன்றில் ஒரு பங்கு இருந்தாலும் புதியவருக்குத் தாராளம்.

உறைந்த ஏரி, குளம் என்று யாராவது அழைத்தால் முதல்முறை போகவே போகாதீர்கள். பனியின் கனத்தை அளந்து பார்க்கத் தெரிந்தவர்களின் வேலை அது.

ஒரு போன் போடுங்கள்

மேப் பார்த்தாயிற்று, இணையதளம் பார்த்தாயிற்று. இருந்தாலும் கிளம்பும் முன் ஒரு போன். இதைச் சோம்பல்பட்டு விட்டதால்தான் நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். பேசும்போது "எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்?" என்று கேட்காதீர்கள், சரியான கேள்வி "பொதுமக்கள் சறுக்கும் நேரம் எது?" என்பது. அட்டவணையில் அதற்கு "பப்ளிக் ஸ்கேட்", "ஓபன் ஸ்கேட்" என்று பெயர் இருக்கும். அதே அட்டவணையில் "ஃப்ரீஸ்டைல்" என்று இருந்தால் அது குதித்துச் சுழல்கிறவர்களுக்கான நேரம். பெயரைப் பார்த்து "ஃப்ரீயாக" விளையாடலாம் போல என்று நினைத்து உள்ளே போனால், வேகமாகப் பின்னோக்கி வரும் ஆளின் பாதையில் நிற்பீர்கள். "ஸ்டிக் அண்ட் பக்" என்றால் ஹாக்கி.

அப்புறம் இவற்றையும் கேட்டுவிடுங்கள்: உங்கள் அளவு ஷூ வாடகைக்குக் கிடைக்குமா (மிகச் சிறிய குழந்தைக்கும் மிகப் பெரிய காலுக்கும் பல இடங்களில் கிடைக்காது), வாடகை நுழைவுக் கட்டணத்தில் சேர்ந்ததா தனியா, ஹெல்மெட்டும் காப்புகளும் தருவார்களா, குழந்தைகள் தள்ளிக்கொண்டு போகும் தாங்கிகள் இருக்கின்றனவா, சொந்த ஸ்கேட் கொண்டுவந்தால் அனுமதியா, டிக்கெட்டை முன்பே வாங்க வேண்டுமா. சாக்ஸ் கட்டாயம் என்பதால் அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறந்து வருகிறவர்களுக்கு அங்கேயே விற்பார்கள், ஆனால் அது அநேகமாகத் தடித்த சாக்ஸாக இருக்கும். அது ஏன் ஆகாது என்று பிறகு சொல்கிறேன்.

எந்த மணி நேரம்?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள், சறுக்குவதற்கு முன்பே.

ஒரே ரிங்க் செவ்வாய் மதியம் ஒரு இடம், சனிக்கிழமை மாலை வேறொரு இடம். சனி மாலையில் விளக்கை மங்கலாக்கி, வண்ண விளக்கும் பாட்டுமாக விடுவார்கள். பழகியவர்களுக்குக் கொண்டாட்டம். புதியவருக்குத் தரையும் தெரியாது, பின்னால் வருகிறவரும் தெரியாது, பக்கத்தில் இருப்பவர் சொல்வதும் கேட்காது. விடுமுறை நாள் பகல் என்றால் குழந்தைகள் கூட்டம். குறுக்கே பாய்வார்கள், திடீரென்று உட்கார்ந்துவிடுவார்கள். வேலை நாளில் பள்ளி விடுவதற்கு முன்பான நேரம்தான் பொன்னான நேரம். அது முடியாதவர்கள் வார இறுதியின் முதல் பொது நேரத்தைப் பிடியுங்கள். காலையில் எழுந்து வர எல்லோருக்கும் மனம் வராது.

ஐஸ் என்றால் முதல் நேரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. நேரம் தொடங்கும் முன் தளத்தை இயந்திரத்தால் புதுப்பித்திருப்பார்கள். கண்ணாடி போல இருக்கும். ஒரு மணி நேரத்தில் நூறு பிளேடுகள் கீறி, மேலே தூள் சேர்ந்து, ஓரங்களில் பள்ளம் விழுந்துவிடும். புதியவர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டுதான் போவார், மிகவும் கெட்டுப்போகும் இடமும் ஓரம்தான். கடைசி அரை மணி நேரத்துக்குச் சலுகை விலை என்று உள்ளே போய், பள்ளத்துக்குப் பள்ளம் தடுக்கிக்கொண்டு, ஐஸே இப்படித்தான் போல என்று நினைத்துத் திரும்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே நேரம் தொடங்குவதற்கு 20 நிமிடம் முன்பே போய்விடுங்கள். வாடகை வரிசை, ஷூ மாற்றுவது, நாடா கட்டுவது எல்லாம் நினைத்ததைவிட நேரம் எடுக்கும். சில ரிங்க்குகளில் பெரியவர்களுக்கு மட்டும், குடும்பங்களுக்கு மட்டும், முதல்முறை வருகிறவர்களுக்கு மட்டும் என்று தனி நேரங்கள் உண்டு. முப்பது, நாற்பது வயதில் தொடங்குகிறவர்கள் பெரியவர் நேரத்தைத் தேடிப் பிடியுங்கள். ஆறு வயதுக் குழந்தை நம்மைச் சுற்றி வட்டமடித்துவிட்டுப் போவதைப் பார்த்து மனம் ஒடிய வேண்டியதில்லை.

முதல் நாளுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். ஐம்பது நிமிடத்தில் கணுக்கால் சோர்ந்துவிடும். விழுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

என்ன போட்டுக்கொள்வது?

ஐஸ் தளத்தின் மேற்பரப்பு ஏறக்குறைய மைனஸ் 3 முதல் மைனஸ் 6 டிகிரி செல்சியஸில் இருக்கும். கூடத்தின் காற்று அவ்வளவு குளிராது. பத்து நிமிடத்தில் வியர்க்கும் என்பதால் ஒரே கனத்த கோட்டுக்குப் பதில் கழற்றிக் கழற்றிப் போடக்கூடிய இரண்டு மூன்று அடுக்குகள் நல்லது. கீழே முழங்காலை மடக்க விடும் பேண்ட். ஜீன்ஸ் விழுந்ததும் ஈரமாகி விறைத்துவிடும். கையுறை கட்டாயம், குளிருக்காக என்பதைவிடப் பிளேடுகளுக்காக.

சாக்ஸ் மெல்லியதாக, கணுக்காலுக்கு மேல் ஏறுவதாக இருக்க வேண்டும். குளிருமே என்று இரண்டு ஜோடியோ கம்பளி சாக்ஸோ போட்டால், கால் ஷூவுக்குள் நகரும். நீங்கள் ஒரு பக்கம் சாய, ஷூ சாயாது. கொப்புளமும் வரும். ஷூ இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து, தடித்த சாக்ஸுக்குள்ளேயே கால் இன்னும் குளிரும்.

ரோலர் ரிங்க்கில் குளிர் இல்லை, காப்புகள்தான் முக்கியம். மணிக்கட்டு, முழங்கால், முழங்கை என்ற மூன்றில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மணிக்கட்டுக் காப்பை வாங்குங்கள். விழும்போது யாரும் யோசிப்பதில்லை, கையைத்தான் நீட்டுவோம். ஹெல்மெட் இரண்டு தளத்திலும் நல்லது. பின்பக்கம் விழுவது ஐஸில் சகஜம். ஒன்றும் இல்லாததற்குச் சைக்கிள் ஹெல்மெட் பரவாயில்லை, ஆனால் பின்தலையையும் மூடும் ஸ்கேட் ஹெல்மெட்டே சிறந்தது. தொங்கும் சால்வை, நீளமான கழுத்துத் துணி, வளையம் போன்ற காதணி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். பாக்கெட்டில் சாவியும் போனும் வேண்டாம். அவற்றின் மேலேயே விழுவீர்கள்.

கவுண்டரில்

ஷூ அளவு கேட்பார்கள். "ஏழு" என்று மட்டும் சொன்னால் பிரிட்டிஷ் ஏழா, அமெரிக்க ஏழா என்று தெரியாமல் ஏதாவது ஒன்று வரும். பிரிட்டிஷ் 7, ஐரோப்பிய அளவில் ஏறக்குறைய 41; ஆண்களுக்கான அமெரிக்க அளவில் 8. எந்த முறை என்று சேர்த்தே சொல்லுங்கள். ஃபிகர் ஸ்கேட்டும் குவாட்டும் பொதுவாக நடைஷூ அளவிலேயே கேட்கலாம். ஹாக்கி ஸ்கேட் ஒன்று, ஒன்றரை அளவு குறைவாக இருந்தால்தான் பிடிக்கும். போட்டதும் நின்று பாருங்கள். விரல்நுனி முன்னால் லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கும்போது சற்றே பின்வாங்க வேண்டும், குதிகால் மேலே எழவே கூடாது. வசதியாக, செருப்புப் போல இருந்தால் அது பெரிது. மாற்றிக் கேளுங்கள். மூன்று தடவை மாற்றினாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் கேளுங்கள்.

வாடகை ஷூவைக் கையில் வாங்கியதும் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். ரோலர் என்றால் ஒவ்வொரு சக்கரத்தையும் விரலால் சுற்றிவிடுங்கள். சிறிது நேரமாவது சத்தமில்லாமல் சுற்ற வேண்டும். உடனே நின்றால் பேரிங்கில் அழுக்கு, பக்கவாட்டில் ஆடினால் நட்டு தளர்ந்திருக்கிறது. குவாட்டின் முன்னால் இருக்கும் ரப்பர் பிரேக்கைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆடக் கூடாது. ஐஸ் என்றால் பிளேடைப் பாருங்கள். அது கத்தி போல ஒரே கூர்மை கொண்டது இல்லை. நடுவில் வாய்க்கால் போல லேசாகக் குழிந்து, இரு பக்கமும் இரண்டு விளிம்புகள் இருக்கும். அந்த விளிம்புதான் ஐஸைப் பிடிக்கிறது. வாடகை பிளேடு மழுங்கியிருப்பது சாதாரணம். விரலை நீளவாக்கில் ஓட்டிச் சோதிக்காதீர்கள். தளத்தில் இறங்கி, காலைப் பக்கவாட்டில் தள்ளும்போது உறுதியாகப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே போனால், தப்பு உங்கள் மேல் இல்லை. வெளியே வந்து வேறு ஜோடி கேளுங்கள். முதல் மாதம் முழுவதும் எனக்குச் சமநிலையே கிடையாது என்று நம்பியிருந்தேன். ஒரு நாள் தற்செயலாக நல்ல பிளேடு கிடைத்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

நாடா கட்டுவதில் மூன்று பகுதி. விரல்களின் மேல் தளர்வாக, விரலை அசைக்க முடிய வேண்டும். பாதம் வளைந்து கணுக்காலாகும் இடத்தில் இழுத்து இறுக்கமாக. மேல் முனையில் ஒரு விரல் நுழையும் அளவு. இந்த நடுப்பகுதி தளர்ந்தால்தான் கணுக்கால் உள்பக்கமாக மடிகிறது. "எனக்குக் கணுக்கால் பலம் இல்லை" என்று சொல்கிறவர்களில் பலருக்கு உண்மையில் இருப்பது நாடா பிரச்சினை. கட்டும் முன் குதிகாலைத் தரையில் தட்டி, கால் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய நாடாவை உள்ளே செருகிவிடுங்கள், கணுக்காலைச் சுற்றிக் கட்டாதீர்கள்.

முதல் இருபது நிமிடம்

தளத்தில் இறங்கும் முன் ரப்பர் பாயில் நடந்து பாருங்கள். உயரமாகவும் கனமாகவும் இருக்கும். பாயில் மட்டும் நடங்கள்; வெறும் கான்கிரீட்டில் பிளேடு போட்டு நடந்தால் இரண்டு அடியில் விளிம்பு போய்விடும்.

உள்ளே போனதும் தடுப்பைப் பிடித்துக்கொண்டு சும்மா நில்லுங்கள். குதிகால்கள் நெருங்கி, விரல்முனைகள் விலகி இருக்கட்டும். முழங்காலை மடக்குங்கள், நினைத்ததைவிட அதிகமாக. கீழே பார்த்தால் முழங்கால் உங்கள் கால்விரல்களை மறைக்க வேண்டும். உடல் எடை பாதத்தின் நடுவில், சற்றே முன்னால். பயம் வந்ததும் நிமிர்வதும் பின்னால் சாய்வதும் உடம்பின் இயல்பு. அந்த இரண்டும்தான் விழ வைப்பது.

அப்புறம் அணிவகுப்பு நடை. ஒரு காலைத் தூக்கி வைக்கவும், மறு காலைத் தூக்கி வைக்கவும். பத்து அடி நடந்து, இரண்டு காலையும் தரையில் வைத்து நின்றுவிட்டால் தானாகக் கொஞ்சம் வழுக்கும். அந்தக் கொஞ்சம்தான் ஸ்கேட்டிங். நடை, வழுக்கல், நடை, வழுக்கல் என்று ஒரு சுற்று. பிறகு காலைத் தூக்கி வைப்பதற்குப் பதில் பக்கவாட்டில் தள்ளுங்கள். பின்னோக்கித் தள்ளாதீர்கள். ஃபிகர் ஸ்கேட்டில் முனைப் பல்லால் பின்னால் உந்தினால் அது ஐஸில் குத்தி முகம் குப்புற விழுவீர்கள். அந்தப் பல் குதிப்பவர்களுக்கும் சுழல்பவர்களுக்கும். நமக்கு அது இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தடுப்பு ஒரு துணைதான், வாகனம் இல்லை. கையால் இழுத்துக்கொண்டே சுற்றினால் எடை கையில் போய்விடும், கால் ஒன்றும் கற்காது. அதிலிருந்து ஒரு முழம் தள்ளி, விரல் தொடும் தூரத்தில் போங்கள்.

நிற்கப் பழகாமல் வேகம் கூட்டாதீர்கள். 1760-களில் லண்டனில் ஜான் ஜோசப் மெர்லின் என்ற கண்டுபிடிப்பாளர் சக்கர ஷூவை மாட்டிக்கொண்டு, வயலின் வாசித்தபடியே ஒரு விருந்துக்குள் உருண்டு வந்தார் என்றும், நிறுத்தவோ திரும்பவோ வழியில்லாமல் விலை உயர்ந்த பெரிய கண்ணாடியில் போய் மோதினார் என்றும் ஒரு கதை சொல்வார்கள். கண்ணாடியும் போயிற்று, வயலினும் போயிற்று, அவருக்கும் நல்ல அடி. இன்றும் முதல் நாளில் முக்கால்வாசிப் பேர் நிற்கும் முறை இதுதான், கண்ணாடிக்குப் பதில் தடுப்பு.

ஐஸில் நிற்க, கால்களைத் தோள் அகலம் விரித்து, விரல்முனைகளை லேசாக உள்நோக்கித் திருப்பி, குதிகால்களை வெளியே தள்ளி அழுத்துங்கள். சரியாகச் செய்தால் ஐஸ் தூள் சீவிக்கொண்டு வரும் சத்தம் கேட்கும். குவாட்டிலும் இதே மாதிரி விரித்து நிற்கலாம். முன் ரப்பரில் நிற்க நினைத்தால் ஒரு காலைப் பின்னால் விட்டு மெல்ல இழுபட விடுங்கள், அதன் மேல் ஏறி நிற்காதீர்கள். இன்லைனில் பிரேக் பெரும்பாலும் வலது குதிகாலில் இருக்கும். அந்தக் காலை முன்னால் நீட்டி, முழங்காலை மடக்கி, விரல்முனையைத் தூக்கி அழுத்த வேண்டும்.

விழுவதும் எழுவதும்

விழத்தான் போகிறோம், நன்றாக விழப் பழகிக்கொள்ளலாம். தடுமாற்றம் தொடங்கியதும் எதையாவது, யாரையாவது பிடிக்கப் பார்க்காமல் முழங்காலில் கை வைத்துக் குந்துங்கள். பாதி விழுதல் அங்கேயே தவிர்ந்துவிடும். தவிராவிட்டால் பக்கவாட்டில், இடுப்பும் தொடையும் தரையில் படும்படி சாயுங்கள். மோவாயை மார்போடு ஒட்டி வைத்தால் பின்தலை தப்பும். விழுந்ததும் விரல்களை மடக்கி முஷ்டியாக்குங்கள். தரையில் விரித்த விரல்கள் வேறு யாருடைய பாதையிலாவது இருக்கும்.

எழும்போது கை, முழங்கால் நான்கையும் ஊன்றி, ஒரு பாதத்தை மட்டும் முன்னால் வைத்து, இரண்டு கையையும் அந்த முழங்கால் மேல் வைத்து அழுத்தி எழுங்கள். கைகளை ஐஸில் ஊன்றி நேரே எழப் பார்த்தால் இரண்டாம் தடவை விழுவது நிச்சயம். ஆர்வத்தில் கை கொடுக்க வருகிறவரும் புதியவராக இருந்தால் அன்போடு மறுத்துவிடுங்கள், இருவரும் சேர்ந்து விழ வேண்டாம்.

போக்குவரத்தும் இயந்திரமும்

எல்லா ரிங்க்கிலும் ஒரே திசையில்தான் சுற்ற வேண்டும். பெரும்பாலும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. இடையில் திசை மாற்றச் சொல்லி அறிவிப்பார்கள், அப்போது எல்லோரோடும் திரும்புங்கள். ஓரம் மெதுவாகப் போகிறவர்களுக்கு, நடுவட்டம் பயிற்சி செய்கிறவர்களுக்கு, இரண்டுக்கும் இடையில் வேகம். வெளியேறும் வழி வந்துவிட்டது என்று திடீரென்று குறுக்கே வெட்டாதீர்கள். தவறவிட்டால் இன்னொரு சுற்று. ஓட்டத்தின் நடுவில் படம் எடுக்க நிற்பது வேண்டவே வேண்டாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு சறுக்குவதற்கு ஏறக்குறைய எங்கும் அனுமதி இல்லை, உங்களுக்கு எவ்வளவு நன்றாக வந்தாலும் சரி.

ஐஸ் ரிங்க்கில் நடுவில் மணியோ அறிவிப்போ வரும். எல்லோரும் வெளியேற வேண்டும். தளத்தைப் புதுப்பிக்கும் இயந்திரம் வருகிறது. 1949-இல் கலிபோர்னியாவில் தன் ரிங்க்குக்காக ஃபிராங்க் ஸாம்போனி இதைச் செய்து முடிப்பதற்கு முன், பல ஆட்கள் சேர்ந்து சுரண்டி, கழுவி, தண்ணீர் விட்டு உறைய வைக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இப்போது பத்து நிமிட வேலை. முன்னால் கத்தி மெல்லிய படலத்தைச் சீவி எடுக்க, பின்னால் வெந்நீரைப் பரப்பிக்கொண்டே போகும். வெந்நீர் பழைய மேற்பரப்பை லேசாக உருக்கி அதோடு ஒட்டிக்கொள்ளும். அது உறைய, கீழே தளத்துக்குள் வளைந்து வளைந்து ஓடும் குழாய்களில் குளிர்திரவம் இருக்கிறது. 1876-இல் லண்டனில் ஜான் கேம்ஜி முதல் இயந்திர ஐஸ் தளத்தைத் திறந்தபோதும் குழாயில் குளிர்திரவம்தான். மேலே நாம் நிற்கும் ஐஸ் மூன்று நான்கு சென்டிமீட்டர்தான் இருக்கும் என்று கேட்டால் பலர் நம்புவதில்லை.

இயந்திரம் வெளியேறி, அதன் கதவு மூடி, ஊழியர் கை காட்டிய பிறகுதான் இறங்க வேண்டும். புது ஐஸ் ஈரமாகவும் வேகமாகவும் இருக்கும். முதல் சுற்றை மெதுவாகவே போங்கள். அந்த இடைவெளியில் நாடாவை ஒரு தடவை இறுக்கிவிடுங்கள், ஷூ சூடேறித் தளர்ந்திருக்கும்.

கிளம்பும்போது

ஷூவைக் கழற்றியதும் தரை உங்களை நோக்கி எழுந்து வருவது போல இருக்கும், நடை விநோதமாக இருக்கும். ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும், அதுவரை படியில் இறங்காமல் உட்காருங்கள். நன்றாகப் பொருந்திய ஜோடியாக இருந்தால் அதன் மேல் எழுதியிருக்கும் அளவையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதையே கேட்டு வாங்கலாம்.

சொந்த ஸ்கேட் வாங்கும் ஆசை அன்றே வரும். நாலைந்து முறை போன பிறகு வாங்குங்கள். ரோலர் வாங்கும்போது சக்கரத்தின் கடினத்தைக் கேளுங்கள். 78ஏ போன்ற மெத்தென்ற சக்கரம் சாலைக்கு, 95ஏ போன்ற கெட்டியானது வழவழப்பான உட்தளத்துக்கு. வெளியே ஓட்டிய சக்கரத்தோடு வந்தால் சில ரிங்க்குகள் தரையைக் காக்க உள்ளே விடாது. ஐஸ் ஸ்கேட் என்றால் ஒவ்வொரு முறையும் கழற்றிய உடனே பிளேடைத் துணியால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். நடப்பதற்கான கெட்டி உறையைப் போட்டே பையில் வைத்தால் இரண்டு நாளில் துரு பிடிக்கும். பைக்குத் துணி உறை தனி.

வெளியே வரும் வழியில் கவுண்டரில் தொடக்கநிலை வகுப்பு எந்தக் கிழமை என்று கேளுங்கள். பல இடங்களில் வகுப்புக் கட்டணத்திலேயே அன்றைய பொது நேரமும் வாடகையும் சேர்ந்திருக்கும், தனித்தனியாக வாங்குவதைவிட மலிவு. அப்படியே அடுத்த வார அட்டவணையையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை எழுத்தை நம்பாமல் இருக்க.